பாப்ளின் கவுனைப் பனியன் துணிக்கு மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த வேலை

வாடிக்கையாளர் ஒரு பள்ளி ஆசிரியை, ஐம்பதைத் தாண்டியவர். அவருக்குப் பிடித்த கவுன் ஒன்று உண்டு. பாப்ளின் துணி, மார்புக்குப் பக்க டாட் (உடம்பின் வளைவுக்காகத் துணியை ஆப்பு மாதிரி மடித்துத் தைப்பது), இடுப்புக்கு முன்னும் பின்னும் டாட், இடுப்பில் சேர்ப்புத் தையல், அதற்குக் கீழே அரை அம்ப்ரெல்லா (அரை வட்டமாக வெட்டிய பாவாடை), முழங்கைக்கு மேல் நிற்கும் கை, முதுகில் கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை ஜிப். பல வருடமாக அந்த ஒரே பேட்டர்னை வெவ்வேறு நிறத்தில் தைத்துப் போட்டு வந்திருக்கிறார். இப்போது வலது தோள்பட்டை இறுகிவிட்டது. நடுவயதில், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும் தொந்தரவு இது. சரியாக மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடமும் தாண்டும். அதுவரை கை பின்னால் போகாது, தலைக்கு மேலும் முழுதாக எழாது.

“ஜிப்பை இழுக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் பக்கத்துல ஒருத்தர் வேண்டியிருக்குதுங்க அக்கா. இதே கவுன்தான் வேணும், ஜிப் மட்டும் வேண்டாம்” என்றார்.

நெய்த துணியில் ஜிப்பை எடுத்துவிட்டால் இந்த வடிவத்துக்குள் உடம்பு போகாது. இடுப்பு தோள்களைத் தாண்டி இறங்க வழியில்லை. முன்பக்கம் பட்டன் பட்டி வைக்கலாம், ஆனால் அது வேறு கவுன் ஆகிவிடும். சுற்றிக் கட்டும் வகையையும் பேசினோம். 1974-ல் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் ஜெர்சி என்னும் பனியன் துணியில் கொண்டுவந்து பெயர் வாங்கிய அந்த வகையில் ஜிப்பும் இல்லை, பட்டனும் இல்லை. ஆனால் நாடாவை இடுப்பைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் முன்னால் கட்ட வேண்டும், அதற்கும் அதே வலது கை வேண்டும். ஆகவே பேட்டர்னைப் பனியன் துணிக்கு மாற்றுவது என்று முடிவானது.

பனியன் துணி என்றால் எல்லாப் பக்கமும் ஒரு சைஸ் குறைத்து வெட்டிக்கொள் என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. சாதாரண டி-ஷர்ட்டுக்கு அது ஓடிவிடும். டாட்டும் இடுப்புத் தையலும் கனமான பாவாடையும் உள்ள கவுனுக்கு ஓடாது. ஒரே உடையில் சில இடம் தாராளமாக இழுபட வேண்டும், சில இடம் இழுபட்டு அப்படியே திரும்பி வர வேண்டும், சில இடம் துளியும் இழுபடக் கூடாது. எது எங்கே என்று ஒவ்வொரு தையலுக்கும் முடிவு செய்வதில்தான் இந்த வேலை முழுக்க இருக்கிறது.

உடம்பும் பழைய கவுனும்

உடம்பு அளவு: மார்பு 38 இஞ்ச், இடுப்பு 33, சீட் (பின்புறச் சுற்று) 41, மேல்கை 13. பழைய கவுனை மேஜையில் விரித்து அளந்தால் மார்பு 41, இடுப்பு 35, கைச் சுற்று 15, கழுத்துச் சுற்று 24. மார்பில் 3 இஞ்ச், இடுப்பில் 2 இஞ்ச், கையில் 2 இஞ்ச் லூஸ். நெய்த துணிக்கு இந்த லூஸ் கட்டாயம் வேண்டும். பாவும் ஊடையும் நேராக ஓடும் நூல்கள், இழுத்தால் நீளாது. கிராஸாகப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் கொடுக்கும். மூச்சு விட, உட்கார, கையை முன்னால் நீட்டத் தேவையான இடத்தையெல்லாம் பேட்டர்னிலேயே விட்டாக வேண்டும். பனியன் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. இழுத்தால் கண்ணி அகலும், விட்டால் சுருங்கும். அசைவுக்கான இடம் துணிக்குள்ளேயே இருப்பதால் பேட்டர்னில் விட்ட லூஸில் பெரும்பகுதி மிச்சமாகிவிடும்.

வழக்கமாக எடுக்காத ஓர் அளவையும் எடுத்தேன். இரண்டு கையும் உடம்போடு ஒட்டியிருக்க, தோள்களைச் சுற்றி டேப் வைத்தால் 43 இஞ்ச். தலைவழியாகப் போடும் உடையில் இடுப்புத் தையல் தாண்ட வேண்டிய மிகப் பெரிய சுற்று அதுதான். கையை மேலே தூக்க முடிகிறவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழைந்துவிடுவார்கள். இவருக்கு அந்த வசதி இல்லை. பிறகு இடுப்பு அளவை முடிவு செய்தது இந்த 43தான்.

துணி

திருப்பூரில் பனியன் துணி பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் கிடைக்கும். மீட்டரில் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு: துணியின் ஜி.எஸ்.எம்மை (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்), மீட்டரில் சொன்ன அகலத்தால் பெருக்கினால் ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிராமில் வரும். 220 ஜி.எஸ்.எம், 70 இஞ்ச் விரித்த அகலம், அதாவது 1.78 மீட்டர் என்றால் ஒரு மீட்டர் சுமார் 390 கிராம். ஒரு கிலோ வாங்கினால் இரண்டரை மீட்டர் கையில் இருக்கும். இந்தக் கவுனுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போதும். மீதி துணி துவைப்புச் சுருக்கத்துக்கும், தையல் போட்டுப் பார்ப்பதற்கும்.

மூன்று துணிகளை எடுத்துப் பார்த்தோம். சோதனை எளிது. துணியின் குறுக்கே 4 இஞ்ச் அடையாளம் வைத்து, ஓரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி மடித்துப் பிடித்து, இதற்கு மேல் நீளாது என்னும் வரை இழுத்து, ஸ்கேல் மேல் அளக்க வேண்டும். பிறகு விட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இரண்டாவது அளவைப் பலர் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

முழுப் பருத்தி சிங்கிள் ஜெர்சி (ஒற்றைப் பின்னல்), 160 ஜி.எஸ்.எம்: 4 இஞ்ச் 5 வரை வந்தது, விட்ட பிறகு நாலே காலில் நின்றது. முழுப் பருத்தி இன்டர்லாக் (இரட்டைப் பின்னல்): ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாக வந்தது, கிட்டத்தட்டப் பழைய அளவுக்குத் திரும்பியது. பருத்தி 95, லைக்ரா 5 சதவீதம் உள்ள 220 ஜி.எஸ்.எம் ஜெர்சி: 6 இஞ்ச் வரை வந்தது, விட்டதும் சரியாக 4. நீளவாக்கிலும் இழுபட்டுத் திரும்பியது.

முதல் துணியை அப்போதே ஒதுக்கினோம். நீளும், திரும்பாது என்றால் சீட்டில் ஒரே நாளில் பை விழுந்துவிடும். இன்டர்லாக் நல்ல துணி, ஓரம் சுருளாது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். வேறு ஒருவருக்கு என்றால் அதையே எடுத்திருப்பேன். இங்கே 34 இஞ்ச் அளவில் இருக்கும் இடுப்பு, ஒரே கையால் இழுக்க, 43 வரை போய்த் திரும்ப வேண்டும். அது நூற்றுக்கு 26 சதவீத நீட்சி. இன்டர்லாக்கின் எல்லை 35 சதவீதம் அளவில் இருப்பதால், போகும், ஆனால் மல்லுக்கட்டிக்கொண்டு போகும். லைக்ரா துணியின் எல்லை 50. பாதி வழியிலேயே வேலை முடிந்துவிடும். 1958-ல் டூபான்ட் ஆய்வகத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இந்த இழை 5 சதவீதம் சேர்ந்தாலே துணி நீள்வதைவிடத் திரும்புவதில் பெரிய வித்தியாசம் தெரியும்.

துணியை வெட்டும் முன் துவைத்தோம். நனைக்கும் முன் அழியாத மையில் 20 இஞ்ச் சதுரம் வரைந்திருந்தேன். காய்ந்த பிறகு நீளம் 19, அகலம் பத்தொன்பதரை. இதைப் பார்க்காமல் வெட்டியிருந்தால் முதல் துவைப்பிலேயே பாவாடை ஒன்றரை இஞ்ச் ஏறியிருக்கும். அதே சதுரம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு காரணமாகக் கண்ணி வரிசை ஒரு பக்கம் சாயலாம். சதுரம் சாய்ந்திருந்தால் தைத்த உடையின் பக்கத் தையலும் துவைத்தபின் முன்னால் சுற்றி வரும். இந்தத் துணியில் சாய்வு கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லை.

பேட்டர்ன்

பழைய தாளில் கை வைக்காமல் புதுப் பிரவுன் தாளில் நகல் எடுத்து, தையலுக்கு விட்ட துணியை முதலில் நீக்கினேன். நம் ஊரில் பின்னால் பிரித்து லூஸ் விட வசதியாகப் பக்கத்தில் ஒரு இஞ்ச் உள்ளே விடுவது வழக்கம். நெய்த துணிக்கு அது அருமையான பழக்கம், பல பேருக்கு ஒரு உடையைப் பத்து வருடம் ஓட்டிக்கொடுத்திருக்கிறது. பனியன் துணியில் அந்த ஒரு இஞ்ச் உள்ளே சுருண்டு கயிறு மாதிரி வெளியே தெரியும். ஓவர்லாக்குக்கு (ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் மிஷின்) கால் இஞ்ச் போதும். ஆகவே எல்லா மாற்றத்தையும் தையல் கோட்டிலேயே செய்துவிட்டு, கடைசியில் கால் இஞ்ச் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

மார்பு 41-லிருந்து 38-க்கு. உடம்பு அளவே உடை அளவு. உடம்பைவிடக் குறைவாக, 36, 37 என்று வெட்டுவதும் உண்டு. அவர் வகுப்பறைக்கும் போட வேண்டியது, ஒட்டிப் பிடிக்கக் கூடாது என்றதால் 38-லேயே நிறுத்தினேன். நாலில் ஒரு பங்குக்கு முக்கால் இஞ்ச் பக்கத் தையலில் போனது.

அடுத்தது டாட். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பனியன் துணிக்கு டாட் வேண்டாம், விட்டுவிடு என்று சொல்லிவிடுவார்கள். பக்க டாட்டைத் தைக்காமல் விட்டால் என்ன ஆகும்? முன்பாகத்தின் பக்க ஓரம் பின்பாகத்தைவிட அந்த டாட் அகலத்துக்கு, இங்கே ஒரு இஞ்ச், நீளமாக நிற்கும். ஓவர்லாக்கில் இழுத்துச் சேர்த்தால் அக்குளுக்குக் கீழே அலை அலையாக நிற்கும். நீளத்தை வெட்டி எறிந்தால் மார்புக்கு மேல் போக வேண்டிய துணி குறைந்து, முன்பக்க இடுப்புக் கோடு மேலே ஏறும். மெலிந்த உடம்புக்குத் துணி அதைத் தாங்கிக்கொள்ளும். 38 மார்புக்குத் தாங்காது.

எனவே டாட்டைத் தூக்கி எறியாமல் இடம் மாற்றினேன். தாளில் மார்பு முனையிலிருந்து இடுப்பு டாட் வரை வெட்டி, பக்க டாட்டை மூடினால் இடுப்பில் திறந்துகொள்ளும். மூடியது ஒரு இஞ்ச், இடுப்பில் திறந்தது ஒரு இஞ்சுக்குச் சற்று மேல். பக்க ஓரம் இப்போது முன்னும் பின்னும் ஒரே நீளம். முன்பாகத்தின் இடுப்பு, டாட் பிடிக்காத நிலையில், நாலில் ஒரு பங்கு ஒன்பதே முக்கால் இருந்தது, திறந்ததையும் சேர்த்துப் பத்தே முக்காலுக்கு மேல் போய்விட்டது. எனக்கு வேண்டியது எட்டரை. இரண்டேகால் இஞ்சுக்கு மேல் எங்காவது போக வேண்டும். மார்புக்காகப் பக்கத்தில் எடுத்த முக்கால் இஞ்ச் இடுப்பு வரை அப்படியே இறங்கும். இடுப்பில் மட்டும் இன்னொரு முக்கால் இஞ்ச் உள்ளே வளைத்தேன். மீதியையும் அங்கேயே வளைத்தால் பக்கத் தையல் சரிவாகி, துணி அங்கே இழுத்துக்கொண்டு நிற்கும். மீதமிருந்த முக்கால் இஞ்சுக்குச் சற்று மேலானதை, பழைய இடுப்பு டாட் இருந்த இடத்திலேயே மார்புக்கு நேர் கீழே சின்னச் சுருக்காக வைத்தேன். பாப்ளினில் டாட் செய்த வேலையைப் பனியன் துணியில் சுருக்கு செய்கிறது, பார்க்கவும் மென்மையாக விழுகிறது.

பின்பாகம் சுலபம். ஜிப் போய்விட்டதால் நடுத்தையலையும் எடுத்து, மடிப்பில் வைத்து வெட்டும்படி ஆக்கினேன். பின் இடுப்பு டாட்டை முழுதாக விட்டுவிட்டேன். ஒன்பதே முக்காலிலிருந்து எட்டரைக்கு ஒன்றேகால் இஞ்ச், அத்தனையும் பக்கத் தையலில் எடுத்தாயிற்று. முன்பக்கம் ஒன்றரை, பின்பக்கம் ஒன்றேகால். இரண்டு ஓரமும் ஏறக்குறைய ஒரே வளைவு என்பதால் தைக்கும்போது சண்டை போடாது.

இடுப்பு 34 ஏன் என்று கேட்கலாம். உடம்பு 33. வழக்கமான கணக்குப்படி 32 வைப்போம், துணி பிடித்துக்கொள்ளும். 32 வைத்தால் 43-ஐத் தாண்ட 34 சதவீதம் இழுக்க வேண்டும், 34 வைத்தால் 26. ஒரு கையால் உடுத்துகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரியது. இடுப்பு இறுக்கமாக இருந்தால் அழகு கூடும் என்பது உண்மைதான். யாரையும் கூப்பிடாமல் அவரே போட்டுக்கொள்வதுதான் இந்தக் கவுனின் நோக்கம்.

கையிலும் அதே நியாயம். பனியன் துணிக்குக் கைக்குழியை அரை இஞ்ச் உயர்த்தி, கையை உடம்பளவுக்குக் குறைப்பது முறை. நான் கைக்குழியின் ஆழத்தைத் தொடவில்லை. தோள் நோவு உள்ளவர் வலிக்கும் கையைத்தான் முதலில் நுழைப்பார், அந்தக் கை வளையாமல் உள்ளே போக இடம் வேண்டும். கைச் சுற்று 15-லிருந்து பதினாலரைதான் ஆனது. அதற்குப் பதில் கையின் மேல் வளைவை முக்கால் இஞ்ச் தணித்தேன். பழைய பேட்டர்னில் வளைவு கைக்குழியைவிட ஒன்றேகால் இஞ்ச் நீளம், தோளின் உருண்டைக்காகச் சுருக்கி ஏற்றும் வகை. பனியன் துணிக்கு அது தேவையில்லை, இரண்டும் சம நீளம் இருந்தால் போதும். பக்கத்தில் முக்கால் இஞ்ச் எடுத்ததால் கைக்குழியின் நீளமும் குறைந்திருந்தது. வளைவைத் தணித்ததும் இரண்டும் சரியாகப் பொருந்தின. தணிந்த வளைவில் இன்னொரு லாபம், கையைத் தூக்கும்போது கவுன் முழுவதும் கூடவே ஏறாது. கை தொங்கும்போது அக்குளில் கொஞ்சம் துணி மடியும். பாப்ளினில் அது கண்ணை உறுத்தும், ஜெர்சியில் தெரியாது.

கழுத்துக்கு வருவோம். பாப்ளினில் உள்பட்டி வைத்துத் திருப்பியிருந்தது, அதாவது தையல் கோடே கழுத்து ஓரம். பனியன் துணியில் ரிப் பட்டி (நன்றாக நீளும் வரிப் பின்னல் துணியில் வெட்டியது) ஏற்றினால் பட்டியின் அகலம் கழுத்துக்குள் நீளும். முக்கால் இஞ்ச் பட்டி என்றால், பழைய கழுத்து அதே இடத்தில் நிற்கத் துணியைச் சுற்றிலும் முக்கால் இஞ்ச் வெட்டி இறக்க வேண்டும். இறக்கியபின் கழுத்துச் சுற்று 24-லிருந்து 28 ஆனது. பட்டி எவ்வளவு நீளம் வெட்டுவது? கழுத்தில் 85 சதவீதம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த எண் வரும் வழி இதுதான்: பட்டியின் உள் ஓரம் 24 இஞ்ச் வட்டத்தில் படுக்க வேண்டும், தைக்கும் ஓரம் 28-க்கு நீள வேண்டும். 24-ஐ 28-ஆல் வகுத்தால் 85-க்குப் பக்கத்தில். பட்டி அகலம் கூடினாலோ கழுத்து அகலமாக இருந்தாலோ இந்தச் சதவீதம் மாறிவிடும். 85-ஐயே பிடித்துக்கொண்டு போனால் ஒரு கழுத்தில் பட்டி வெளியே நிற்கும், இன்னொன்றில் துணியைச் சுருக்கும். உள் ஓரத்தை அளந்து வெட்டினால் இரண்டும் வராது.

கடைசியாக எடை. அரை அம்ப்ரெல்லாவின் இடுப்பு ஆரம் என்பது இடுப்புச் சுற்றை 3.14-ஆல் வகுத்தது, 34-க்குப் பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் மேல். பாவாடை நீளம் 28. இந்தப் பரப்பு ஏறக்குறைய 1.4 சதுர மீட்டர். 220 ஜி.எஸ்.எம்மில் 310 கிராம். பழைய பாப்ளின் 115 ஜி.எஸ்.எம் அளவில் இருந்தது, அதில் இதே பாவாடை 165 கிராமைத் தாண்டாது. ஆக, நீளக்கூடிய ஒரு மேல்பாகத்தில் பழையதைவிட இரண்டு மடங்குக்குச் சற்றே குறைந்த எடை நாள் முழுக்கத் தொங்கப் போகிறது. இடுப்புத் தையல் இறங்கத்தான் செய்யும். அதற்காக மேல்பாகத்தின் நீளத்தை அரை இஞ்ச் குறைத்தேன். தோளையும் கால் இஞ்ச் உள்ளே கொண்டுவந்தேன்.

வெட்டும் தைக்கும் வேலை

துணியை விரித்து ஒரு இரவு மேஜையில் ஆற விட்டு வெட்டினோம். உருளையில் இழுபட்டிருந்த துணி அதற்குள் தன் அளவுக்கு வந்துவிடும். பாதித் துணி மேஜை விளிம்பில் தொங்கக் கூடாது, அந்த எடையே மீதியை இழுத்துவிடும். குண்டூசிக்குப் பதில் எடைக்கற்கள் வைத்துத் தாளை அமுக்கினோம். பாவாடையை நாலில் ஒரு வட்டமாக இரண்டு துண்டு, நடுக்கோடு கண்ணி வரிசையோடு போகும்படி வெட்டினோம். லைனிங் தேவைப்படவில்லை. தேவைப்படும் துணி என்றால் லைனிங்கும் பனியன் துணியாகவே இருக்க வேண்டும். மல் துணியை உள்ளே வைத்தால் வெளித்துணி நீள்வதால் பயனே இல்லை.

ஊசி 11-ம் நம்பர் பால் பாயிண்ட், முனை உருண்டது. கூர் ஊசி கண்ணியின் நூலை அறுக்கும். தைக்கும்போது தெரியாது, இரண்டு துவைப்புக்குப் பிறகு தையலை ஒட்டி வரிசையாக ஓட்டை விழும். நூல் பாலியெஸ்டர். நான்கு நூல் ஓவர்லாக்கில், டிஃபரன்ஷியல் ஃபீடை (துணி நீளாமல் தள்ளிக்கொடுக்கும் அமைப்பு) கொஞ்சம் கூட்டி, துணியைக் கையால் இழுக்காமல் தைத்தது. வீட்டில் ஓவர்லாக் இல்லாதவர்கள் சாதா மிஷினில் குறுகிய ஜிக்ஜாக் போடலாம், அகலம் அரை முதல் ஒரு மில்லிமீட்டர், நீளம் இரண்டரை. நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் பட்டென்று அறும். இந்தக் கவுனில் அது அறும் இடம் இடுப்பாகத்தான் இருக்கும்.

இரண்டு தையலில் டேப் வைத்தோம். தோள்பட்டைத் தையலில் நீளாத பருத்தி டேப். கவுனின் முழு எடையும் அங்கேதான் தொங்குகிறது, அந்த மூன்று நான்கு இஞ்ச் நீண்டுவிட்டால் கை ஏற்றிய தையல் மேல்கையில் போய் நிற்கும். இடுப்புத் தையலில் மொபிலான் டேப் (மெல்லிய, நீண்டு திரும்பும் டேப்), தையலின் அளவுக்கே, இழுக்காமல் வைத்தது. அது 43 வரை தடையில்லாமல் போகும், விட்டால் 34-க்கு வரும், பாவாடையின் எடைக்கு இடம் கொடுக்காது. இரண்டையும் மாற்றி வைத்தால் கவுனைப் போடவும் முடியாது, போட்டால் நிற்கவும் செய்யாது. முன் சுருக்கையும் இந்த டேப்போடு சேர்த்தே பிடித்தோம். கை ஏற்றியது பக்கத் தையலுக்கு முன், துணி தட்டையாக இருக்கும்போதே. பிறகு கை ஓரத்திலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல்.

கீழ்மடிப்பை உடனே அடிக்கவில்லை. ஹேங்கரில் ஒரு இரவு தொங்கவிட்டதில் பக்கத் தையல் ஓரங்கள் முக்கால் இஞ்ச் வரை இறங்கியிருந்தன. தரையிலிருந்து அளந்து சுற்றிலும் சமமாக வெட்டி, பிளாட்லாக் மிஷினில் (நீளும் தையல் போடுவது) அடித்தோம்.

போட்டுப் பார்த்தது

கீழ்மடிப்புக்கு முன்பே ஒரு முறை வரச் சொல்லியிருந்தேன். அறைக்குள் தனியாகப் போய், வலது கையை முதலில் விட்டு, பிறகு தலை, பிறகு இடது கை என்று அவரே போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அந்த ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. இடுப்பு தோளில் தங்கியதா என்று கேட்டேன். “தோள்கிட்ட ஒரு நிமிஷம் நின்னுச்சு, இடது கையால இழுத்ததும் இறங்கிருச்சுங்க” என்றார்.

முன்பக்கம் சுத்தமாக விழுந்தது. முதுகில் இடுப்புக்கு மேலே குறுக்காக ஒரு மடிப்பு நின்றது. அவருக்கு இடுப்புக்குப் பின்னால் குழிவு சற்று அதிகம். பாப்ளினில் நடுத்தையலும் டாட்டும் அந்தக் குழிவுக்கு வளைந்து கொடுத்திருந்தன, இப்போது இரண்டும் இல்லை. பின்பாகத்தின் நடுவில் அரை இஞ்ச் எடுத்து, பக்கத் தையலுக்குப் போகும்போது ஒன்றுமில்லாமல் முடியும்படி இடுப்புக் கோட்டைத் திருத்தியதும் மடிப்பு போய்விட்டது. குழிவு இன்னும் அதிகமுள்ள ஒருவருக்கு என்றால், ஜிப் இல்லாவிட்டாலும் பின் நடுத்தையலை வைத்துக்கொள்வதே நல்லது.

மாறிப்போனதும் ஒன்று உண்டு, அதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். பாப்ளின் அம்ப்ரெல்லா உடம்பை விட்டு விலகி விரிந்து நிற்கும். ஜெர்சி அம்ப்ரெல்லா கீழே வழிந்து விழும். அதே வட்டம், அதே நீளம், பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும். விரிந்து நிற்பதுதான் ஒரு உடையின் அழகு என்றால் அந்தப் பேட்டர்னைப் பனியன் துணிக்குக் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் கருத்து. தேய்த்து நிறுத்திய பிளீட்டும், விறைத்த காலரும் அப்படித்தான். டாட், பிரின்செஸ் கட் (டாட்டுக்குப் பதில் நீளவாக்கில் வளைந்து இறங்கும் தையல்), சுருக்கு, வளைவு வெட்டு ஆகியவை நன்றாக மாறி வரும்.

சில வாரம் உடுத்தித் துவைத்த பிறகு மறுபடி அளந்து பார்த்தேன். தோள் அதே அளவு. இடுப்புத் தையல் 34-லேயே நின்றது. மேல்பாகம் கால் இஞ்ச் நீண்டிருந்தது, முன்கூட்டிக் குறைத்த அரை இஞ்சுக்குள்ளேயே அடங்கியதால் இடுப்புக் கோடு அவர் இடுப்பில்தான் இருந்தது. ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வைக்கச் சொன்னதை அவர் கடைப்பிடித்திருந்தார்.

அடுத்து வீட்டுக்கு மட்டும் ஒன்று, இன்டர்லாக்கில் கேட்டிருக்கிறார். அதற்கு இந்தத் தாளை அப்படியே வைத்து வெட்ட முடியாது. நீட்சி குறைவு என்பதால் இடுப்பை முப்பத்தைந்தரைக்குக் கொண்டுபோனால் 43-ஐத் தாண்ட 21 சதவீதம் போதும். மார்பில் ஒரு இஞ்ச் லூஸ் சேர்த்து 39. பக்கத் தையலில் எடுத்தது அந்த அளவுக்குக் குறையும், கைக்குழி கொஞ்சம் நீளும், கையின் மேல் வளைவை மறுபடி அளந்து பொருத்த வேண்டும். கழுத்தின் ரிப் பட்டி அதேதான். தாளின் மூலையில் லைக்ரா துணியின் ஒரு துண்டைப் பின் அடித்து, 4 இஞ்ச் 6 வரை போகும் என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்டர்லாக்குக்குத் தனித் தாள், அதற்குத் தனித் துண்டு.